ரீச்சரிட்ட கேளுங்கோ: பள்ளிக்கூடம் திறந்தாச்சு, பிள்ளை எங்க நிக்கிது?

இந்த முறை வந்த கடிதம், வட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் வாசிச்சன், முக்கால்வாசி ஒரே விசயம்தான். கொரோனாவால பூட்டின பள்ளிக்கூடங்கள் 2021 கார்த்திகை (நவம்பர்) 22 ஆம் திகதி 6 ஆம் ஆண்டிலயிருந்து 9 ஆம் ஆண்டு வரைக்கும் திறந்ததோட எல்லா வகுப்பும் திறந்தாச்சு எண்டு செய்தியில சொல்லுகினம், ஆனா வகுப்பை ரெண்டாப் பிரிச்சு மூண்டாப் பிரிச்சு, ஒரு கிழமை போ மற்றக் கிழமை வீட்டில நில் எண்டு கன இடத்தில நடக்குது. தாய் தேப்பன்மார் களைச்சுப் போனினம், கோபத்திலயும் இருக்கினம். அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு வைச்சிட்டு பக்கம் முழுக்க இதுக்கே விடுறன். பேர் போட வேண்டாம் எண்டு கன பேர் கேட்டிருக்கிறியள், ஊர் மட்டும் போட்டிருக்கு.

கேள்வி: ரீச்சர், என்ர மகன் 2020 தையில முதலாம் ஆண்டு சேர்ந்தவன். ரெண்டு மாதம் போயிருப்பான், பூட்டிட்டினம். இப்ப ரெண்டாம் ஆண்டும் முடியப்போகுது. வடிவாக் கதைப்பான், பாட்டுப் பாடுவான், ஆனா புத்தகத்தை விரிச்சு வைச்சா படத்தைப் பாத்துத்தான் கதை சொல்லுறான், எழுத்தை வாசிக்கத் தெரியேல்ல. போனில வாற பாடத்தை நான்தான் பக்கத்தில இருந்து சொல்லிக்குடுத்து எழுதுவிச்சு போட்டோ எடுத்து அனுப்பினனான், அவன் பாத்து எழுதினது தானே தவிர விளங்கி எழுதேல்ல எண்டு இப்பதான் தெரியுது. இப்ப பள்ளிக்கூடம் திறந்தும் வகுப்பை ரெண்டாப் பிரிச்சு, போற நாளில விட்ட பாடத்தை எல்லாம் ஓட்டமா ஓடி முடிக்கினம். கடை திறந்திருந்தது, சந்தை திறந்திருந்தது, கலியாணம் நடந்தது, பள்ளிக்கூடம் மட்டும் எல்லாத்துக்கும் கடைசி. எனக்கு வாற கோபத்துக்கு அளவில்லை.
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, உங்கட கோபம் நியாயமானது, அதை ஆரும் குறைச்சுக் கதைக்க விடாதேங்கோ. 2020 பங்குனி 13 இல பூட்டினது. உங்கட மகன்ர வயசுப் பிள்ளையளுக்கு அந்த வருசம் ஆவணி, புரட்டாதி அளவிலதான் திரும்பத் திறந்தது, ஐப்பசியில மினுவாங்கொட கொரோனாக் கொத்தணியோட திரும்பப் பூட்டு, கார்த்திகை 23 இல 6 ஆம் ஆண்டுக்கு மேல உள்ளவைக்குத் திறந்தும் சின்னனுகளுக்கு 2021 தை வரைக்கும் இல்லை. தையில தொடங்கி சித்திரைக் கடைசி வரைக்கும் போய்ச்சுதுகள், பிறகு ஐப்பசிக் கடைசி வரைக்கும் ஆறு மாதம் ஒரேயடியாப் பூட்டு. எழுத்தறியிற ரெண்டு வருசமும் துண்டு துண்டாப் போச்சு. பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஆறு மாதம் வீட்டில நிண்டா அதுக்கு ஒரு புத்தகத்தைத் தானே எடுத்து வாசிக்கத் தெரியும். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது ஏலாது, வாசிக்கிறதைத்தான் அது பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போனது.

முப்பது வருசத்துக்கு மேல சின்ன வகுப்புக்குப் படிப்பிச்சவள் எண்ட முறையில சொல்லுறன், எழுத்துப் படிப்பிக்கிறது போனில நடக்கிற காரியமில்லை. பிள்ளை பென்சிலை எப்பிடிப் பிடிக்குது, 'அ'வை எங்கயிருந்து தொடங்கிச் சுழிக்குது, 'ல'வுக்கும் 'ள'வுக்கும் நாக்கு எங்க போகுது, இதெல்லாம் பக்கத்தில நிண்டு பாத்து அந்த நிமிசமே திருத்த வேணும். போட்டோவில ரீச்சர் பாக்கிறது எழுதி முடிஞ்ச தாளை. அந்தத் தாளில உங்கட கை எவ்வளவு பிள்ளையின்ர கை எவ்வளவு எண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்? உங்களையும் குறை சொல்ல ஏலாது, அவவையும் குறை சொல்ல ஏலாது.

இப்ப செய்ய வேண்டியதைச் சொல்லுறன். முதல்ல ரெண்டாம் ஆண்டுப் புத்தகத்தை மூடி வையுங்கோ, நான் சொன்னனெண்டே மூடுங்கோ. முதலாம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்து எந்தப் பக்கத்தில பிள்ளை தடக்குப்படுது எண்டு பாருங்கோ, தொடங்க வேண்டியது அந்தப் பக்கத்திலயிருந்துதான். தமிழில 247 எழுத்து எண்டு சொல்லிப் பயப்பிடுத்திப்போடுறம், ஆனா பிள்ளை உயிர் 12 ஐயும் மெய் 18 ஐயும் ஓசையோட பிடிச்சிட்டா ஆய்தம் ஒண்டை விட்டா மிச்ச 216 உயிர்மெய்யும் ஒரு ஒழுங்கில வாறதுதான், அந்த ஒழுங்கைக் காட்டிக்குடுத்தாக் காணும். கன பிள்ளையள் தடக்குப்படுற இடம் கொம்பு. கெ, கே, கை ஓரளவுக்கு வந்திடும், கொ, கோ எண்டு கொம்பு முன்னுக்கும் அரவு (ா) பின்னுக்கும் வரேக்கதான் குழம்புங்கள், ஏனெண்டா கண்ணுக்கு முதல்ல தெரியிறது ஒண்டு, வாயில முதல்ல வாறது வேற ஒண்டு. அந்த இடத்தில ஒரு கிழமை நிண்டாலும் பரவாயில்லை, கடந்து ஓடாதேங்கோ. முத்தத்து மண்ணில விரலால எழுதட்டும். வீட்டில இருக்கிற சாமானின்ர பேரைத் துண்டில எழுதி அதில அதில ஒட்டுங்கோ, கதவு, படலை, வாளி, சருவம், ஒரு நாளைக்கு அஞ்சு சொல்லுக்கு மேல வேண்டாம். காலமை ஒரு கால் மணித்தியாலம், பின்னேரம் ஒரு கால் மணித்தியாலம், அதுக்கு மேல இருத்தினா பிள்ளைக்குப் புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பு வந்திடும். படுக்க முதல் நீங்கள் ஒரு கதைப் புத்தகம் வாசியுங்கோ, அவன்ர விரலைப் பிடிச்சு நீங்கள் வாசிக்கிற வரியில ஓடவிடுங்கோ. அடிக்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி ஏசவும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கன இடத்தில இதே நிலைமைதான், தாய் வெளியில சொல்லேல்ல அவ்வளவுதான்.

ரீச்சரோட தனியாக் கதையுங்கோ. "மகனுக்கு இன்னும் எழுத்து வரேல்ல, ரெண்டாம் ஆண்டுப் பாடம் இப்ப வேண்டாம், எழுத்திலயிருந்து தொடங்குங்கோ" எண்டு வாய் திறந்து கேளுங்கோ. வெக்கப்பட ஒண்டுமில்லை. சின்ன வகுப்புகளுக்கு அத்தியாவசியத் தேர்ச்சி எண்டு ஒரு பட்டியல் இருக்குது, புத்தகம் முழுக்க முடிக்காட்டியும் அது பிள்ளைக்கு வந்தாக் காணும் எண்டது ரீச்சர்மாருக்குத் தெரியும், ஆனா பாடத்திட்டத்தை முடி முடி எண்டு மேலயிருந்து நெருக்கினா அவையளும் பயத்தில ஓடத்தான் பாப்பினம். நீங்கள் கேட்டா அவவுக்கும் நிண்டு படிப்பிக்க ஒரு தைரியம் வரும்.

கேள்வி: ரீச்சர், நான் கடல் தொழில் செய்யிறனான். மூண்டு பிள்ளையள், மூத்தவள் ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை), நடுவிலான் ஏழாம் ஆண்டு, கடைசி மூண்டாம் ஆண்டு. வீட்டில ஒரு ஸ்மார்ட்போன் தான், அதையும் நான் கடலுக்குக் கொண்டு போக வேணும், ஒண்டு நடந்தா வீட்டுக்குச் சொல்ல வேற வழியில்லை. விடிய நான் கரைக்கு வந்தாப் பிறகுதான் பிள்ளையளுக்குப் போன். டேட்டாக்கு ரீலோட் போட்டே காசு கரையுது. ஆருக்குப் போனைக் குடுக்கிறதெண்டு ஒவ்வொரு நாளும் வீட்டில சண்டை. இப்ப திறந்தும் பள்ளிக்கூடம் போகாத நாளில நோட்ஸ் போனிலதான் வருது.
— ஒரு தகப்பன், குருநகர்

பதில்: அண்ணை, போனை நீங்கள் கடலுக்குக் கொண்டு போறதில ஒரு பிழையும் இல்லை, அதை நிப்பாட்ட வேண்டாம்.

போன் மூத்தவளுக்கு. அவவுக்கு ஓஎல் வருது, தானா வாசிச்சு விளங்கிற வயசு, போனால பிரயோசனம் எடுக்கக்கூடியது வீட்டில அவ ஒராள்தான். கடைசிப் பிள்ளைக்குப் போன் தேவையில்லை, ஆள்தான் தேவை. மூத்தவள் ஒரு நாளைக்கு கால் மணித்தியாலம் கடைசிக்கு வாசிச்சுக் காட்டட்டும், அதால அவவின்ர ஓஎல் கெட்டுப்போகாது. நடுவிலானுக்கு வகுப்பாசிரியரிட்டச் சொல்லி போற கிழமையிலயே மற்றக் கிழமைக்கான பயிற்சித்தாளைத் தாளாக் கேட்டு வாங்குங்கோ. கன பள்ளிக்கூடத்தில ரீச்சர்மார் அடிச்சுக் குடுக்கினம், கேக்காத ஆக்களுக்கு "அவையளிட்ட போன் இருக்குது" எண்டு நினைச்சு விட்டிடுகினம். இன்னுமொண்டு, போனில வந்த நோட்ஸை விடியவிடியப் பாத்துக் கொப்பியில எழுதிறதைப் படிப்பெண்டு நினைக்காதேங்கோ, அது கை நோகிற வேலை மட்டும்தான். அரைவாசியை எழுதாமல் வாசிச்சு, விளங்காததை மட்டும் குறிச்சு அடுத்த நாள் கேக்கச் சொல்லுங்கோ.

நேத்ரா ரிவியில குருகெதர எண்டு பாட நிகழ்ச்சி தமிழில போனது, அதுக்கு டேட்டா தேவையில்லை. ரிவியும் திருப்பிக் கேள்வி கேக்காது தான், எண்டாலும் வீட்டுச் சண்டைக்குள்ள ஒரு பிள்ளைக்கு அரை மணித்தியாலம் கிடைக்கும்.

நான் கனநாளா யோசிக்கிற ஒண்டை இதிலயே சொல்லுறன். எங்கட ஊர்வழிய குறிச்சிக்கு ஒரு சனசமூக நிலையம் இருக்குது, பேப்பர் மேசை இருக்குது, வாங்கு இருக்குது, பின்னேரத்தில கன இடத்தில சும்மா பூட்டிக்கிடக்குது. ஏஎல் (உயர்தரம்) முடிச்சுப்போட்டு கம்பஸ் (பல்கலைக்கழக) அனுமதிக்குக் காத்துக்கொண்டு இருக்கிற பெடியள் பெட்டையள் ஒவ்வொரு ஊரிலயும் இருக்கினம். இந்த ரெண்டையும் சேர்த்து யன்னலைத் திறந்து மாஸ்க் போட்டு ஆறேழு பிள்ளையளா இருத்தி ஒரு மணித்தியாலம் வாசிக்கவைக்க அமைச்சின்ர சுற்றறிக்கை ஒண்டும் தேவையில்லை. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிட்டயும் கிராம சேவையாளரிட்டயும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத் தொடங்கலாம். உங்கட சங்கத்தில கதைச்சுப் பாருங்கோ.

கேள்வி: எங்களுக்கு ஒன்லைன் எண்டதே இல்லை ரீச்சர். சிக்னல் வாற இடம் தேடி நடக்க வேணும். கடல் அடிச்சா வள்ளம் இல்லை, ரீச்சர்மாரும் வர ஏலாது. எங்கட பிள்ளையளை ஆரும் கணக்கிலயே எடுக்கேல்ல.
— நெடுந்தீவிலயிருந்து

பதில்: உண்மைதான், பிள்ளை. குறிகட்டுவானிலயிருந்து ஒரு மணித்தியாலமளவில கடலில வந்து படிப்பிச்சிட்டுத் திரும்பிற ஆசிரியர்மாருக்கும் அது தெரியும். ஒண்டை மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ, 2021 ஐப்பசி 21 இல முதல்ல திறந்தது 200 பிள்ளையளுக்குக் குறைஞ்ச பள்ளிக்கூடங்களின்ர ஆரம்பப் பிரிவுதான். வகுப்பில 20 பேருக்கு உள்ளயெண்டா பிரிக்கத் தேவையில்லை, எல்லாப் பிள்ளையும் ஒவ்வொரு நாளும் வரலாம். தீவுப் பக்கத்தில கன வகுப்பு அப்பிடித்தான். உங்கட பள்ளிக்கூடத்திலயும் பிரிச்சு நடத்தினா ஏனெண்டு கேளுங்கோ. வள்ளம் வராத நாளுக்கு தீவிலயே நிக்கிற ஆசிரியர் ஆர், அந்த நாளில எந்த வகுப்பை ஆர் பாக்கிறதெண்டு அதிபரிட்ட ஒரு அட்டவணையும் கேட்டு எடுங்கோ.

கேள்வி: நாங்கள் குப்பி விளக்கில படிச்ச ஆக்கள். செல்லடிக்குள்ளயும் பொம்பரடிக்குள்ளயும் பரீட்சை எழுதினம். 95 இடப்பெயர்வில மரத்துக்குக் கீழ இருந்து படிச்ச பிள்ளையள் இண்டைக்கு டொக்டர், இஞ்சினியர். இப்பத்தைய தாய் தேப்பன் கரண்டும் போனும் இருந்தும் இவ்வளவு கத்துகினம். சாட்டுச் சொல்லுகினம் எண்டுதான் எனக்குப் படுது.
— ஒரு அப்பப்பா, சாவகச்சேரி

பதில்: ஐயா, உங்கட ஊருக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டிய ஆக்கள். 1995 ஐப்பசி 30 இல வலிகாமம் முழுக்க ஒரே இரவில றோட்டில இறங்கி வந்தது தென்மராட்சிக்குத்தான், உங்கட பள்ளிக்கூடங்களிலதான் படுத்தெழும்பினது, பிறகு ஒரு கட்டிடத்தில காலமை ஒரு பள்ளிக்கூடம் பின்னேரம் இன்னொரு பள்ளிக்கூடம் எண்டு நடத்தினது. அந்தப் பின்னேரப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவளில நானும் ஒருத்தி. சோக்குக் கட்டி இல்லை, கொப்பி இல்லை, பிள்ளையள் சாக்கு விரிச்சு இருந்ததுகள்.

அதை மறந்து நான் இந்தப் பதிலை எழுதேல்ல, அதை நினைச்சுக்கொண்டுதான் எழுதுறன். அண்டைக்குப் பிள்ளையள் ஒண்டோட ஒண்டு தோள்முட்ட இருந்ததுகள், ஒரு புத்தகத்தை மூண்டு பேர் பாத்ததுகள், பயம் வந்தா ரீச்சரின்ர சீலையைப் பிடிச்சதுகள். எங்களிட்ட ஒண்டும் இல்லாட்டியும் ஆள் இருந்தது. இந்த நோய் எடுத்தது அந்த ஆளைத்தான். கூட்டாளியைத் தொடாதே, கிட்ட இருக்காதே, ரீச்சரிட்டக் கிட்ட வராதே. கரண்டும் போனும் இருந்து அதுக்கு ஈடாகாது ஐயா.

இன்னொண்டு. டொக்டராப் போன பிள்ளையள் எங்கட கண்ணுக்குத் தெரியினம், அவையளைப் பற்றி விழாவில கதைக்கிறம். அந்த வருசங்களில எட்டாம் ஆண்டோட நிண்டதுகள், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எழுத்தை விட்டதுகள், ஒருநாளும் மேடைக்கு வரேல்ல. என்னட்டப் படிச்சு நடுவில நிண்ட பிள்ளையளின்ர பேர் எனக்கு இண்டைக்கும் தெரியும். அதுகளில சில பேர் இப்ப தாய் தேப்பன், தங்கட பிள்ளைக்கு வட்ஸ்அப்பில வாற பாடத்தை வாசிச்சுச் சொல்ல ஏலாமல் அந்தரப்படுகினம். நீங்கள் சாட்டு எண்டு சொல்லுறது அவையளின்ர காதில விழுந்தா நோகும். போர்க்காலத்தில நாங்கள் தப்பினம் எண்டது இப்பத்தைப் பிள்ளையளுக்கு ஒண்டும் ஆகாது எண்டதுக்குச் சாட்சியில்லை.

உங்களிட்ட ஒரு உதவி கேக்கிறன். பேரப்பிள்ளை வீட்டில நிக்கிற கிழமையில பேப்பரை எடுத்து வைச்சு ஒரு செய்தியை அது வாசிக்க நீங்கள் கேளுங்கோ, பிறகு அந்தக் காலத்துக் கதையில ஒண்டைச் சொல்லி அதை நாலு வரியில எழுதச் சொல்லுங்கோ. உங்களளவுக்கு நேரமும் பொறுமையும் இப்ப அந்த வீட்டில வேற ஆருக்கும் இல்லை.

கேள்வி: மகள் ஏஎல் விஞ்ஞானப் பிரிவு. பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலம் முழுக்க ரியூசன் ஒன்லைனில நடந்தது, காசும் கட்டினம், கட்டினதால படிச்சாள். அவளின்ர சிநேகிதி ஒருத்தி காசு கட்ட ஏலாமல் விட்டிட்டாள். இப்ப பள்ளிக்கூடம் போனா "அந்தப் பாடம் ரியூசனில முடிச்சிருப்பியள் தானே" எண்டு சொல்லி அடுத்த பாடத்துக்குப் போகினமாம். அப்ப இலவசக் கல்வி எண்டு என்னத்துக்குச் சொல்லுறம்?
— ஒரு அம்மா, திருநெல்வேலி

பதில்: உங்கட பிள்ளைக்குக் கிடைச்சும் மற்றப் பிள்ளைக்காகக் கேட்டிருக்கிறியள், அதுக்காகவே இதை எடுத்தன். 1945 இலயிருந்து இந்த நாட்டில கல்வி இலவசம், 1980 இலயிருந்து பாடப்புத்தகமும் இலவசம். ஆனா ஒன்றரை வருசமா ஏஎல் பிள்ளைக்குப் படிப்பெண்டது தாய் தேப்பன் போட்ட ரீலோட் காசும் ரியூசன் காசும்தான். கம்பஸ் அனுமதியில 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு மேலதிகமா. மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிற இடைவெளிக்கு இது ஓரளவு பரிகாரம். ஒரே மாவட்டத்தில, ஒரே வகுப்பில, காசு கட்டின பிள்ளைக்கும் கட்டாத பிள்ளைக்கும் நடுவில வந்த இடைவெளியை அனுமதிக்கு ஏஎல் பெறுபேற்றில எடுக்கிற எந்த இசட் ஸ்கோரும் பாக்காது. ஒரு ஆசிரியர் வகுப்பில "ரியூசனில முடிச்சிருப்பியள்" எண்டு சொல்லுறதை என்னால ஏற்க ஏலாது. அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறதுக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

2022 மாசி 7 இல பரீட்சை. இருக்கிற நாளில புதுப் பாடத்துக்குப் பின்னால ஓடாமல் பாஸ்ட் பேப்பரைச் செய்து பிழைச்ச கேள்வியின்ர பாடத்துக்கு மட்டும் திரும்பிப் போகச் சொல்லுங்கோ. அந்தச் சிநேகிதியையும் கூப்பிட்டு ரெண்டு பேரையும் ஒண்டா இருத்துங்கோ. உங்கட மகளுக்கு அதில நட்டமில்லை, இன்னொராளுக்கு விளங்கப்படுத்தேக்கதான் தனக்கு எது விளங்கேல்ல எண்டு தெரியவரும்.

கேள்வி: நானும் ஒரு ஆசிரியை. 2021 ஆடி 12 இலயிருந்து சம்பளப் போராட்டத்துக்காக ஒன்லைன் படிப்பிக்கிறதை நிப்பாட்டினது உண்மை, அதுக்கு இண்டைக்கும் படலையில வைச்சு ஏச்சு விழுது. அதுக்கு முதல் ஒரு வருசத்துக்கு மேல சொந்தப் போன், சொந்த டேட்டா, இரவு பத்து மணிக்கும் பெற்றோரின்ர கோல், அதை ஒருத்தரும் சொல்லுகினமில்லை.
— வட்டுக்கோட்டை

பதில்: பிள்ளை, 1997 இலயிருந்து இழுபட்ட சம்பள முரண்பாடு அது, இருபத்துநாலு வருசம். கேட்டது நியாயம். 2022 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில 30 பில்லியன் ரூபா ஒதுக்கி 2022 தையிலயிருந்து கூட்டித் தாறம் எண்டு சொல்ல வைச்சது அந்தப் போராட்டம்தான். அந்த மூண்டு மாதத்தில பிள்ளையளுக்கு ஒரு குரலும் கேக்காமல் போனதும் உண்மை. தாய்மாருக்குப் போன நாளைப் பற்றித்தான் நினைவு இருக்கும், அதுக்காக அவையளோட மல்லுக்கட்டாதேங்கோ. ஐப்பசி 25 இல நீங்கள் திரும்பி வந்திட்டியள். இப்ப உங்கட கையில இருக்கிறது வகுப்பறை. வாற தவணை மட்டும் குறிப்புச் சொல்லி எழுதுவிக்கிறதை விட்டிட்டு பிள்ளையளை வாசிக்கவிட்டுக் கேளுங்கோ, ஆருக்கு என்ன தெரியேல்ல எண்டு ஒரு கொப்பியில குறியுங்கோ. பின்னுக்கு நிக்கிற பிள்ளையின்ர தாயை ஒருக்கா நீங்களே கூப்பிட்டுக் கதைச்சா அந்த வீட்டிலயிருந்து உங்களுக்கு ஏச்சு வராது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள், பிள்ளைக்கு முன்னால ரீச்சர்மாரைத் தூக்கி எறிஞ்சு கதைக்காதேங்கோ. நாளைக்கு அதே ரீச்சருக்கு முன்னாலதான் பிள்ளை போய் இருக்க வேணும்.

கேள்வி: 14 வயசு மகன். படிக்க வாங்கிக் குடுத்த போனில ஃபிரீ ஃபயர், பப்ஜி. இரவு ரெண்டு மணி வரைக்கும் முழிப்பு. இப்ப பள்ளிக்கூடம் போ எண்டா வயித்துக்குத்து, தலையிடி எண்டு ஏதாவது ஒண்டு. தேப்பன் போனை உடைக்கப் போறன் எண்டு நிக்கிறார்.
— மானிப்பாய்

பதில்: உடைக்க வேண்டாம் எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ. ஒன்றரை வருசமா அந்தப் பெடியனுக்கு கூட்டாளிமாரோட கதைச்சுச் சிரிச்ச இடம் அந்த விளையாட்டு மட்டும்தான். கிரிக்கெட் இல்லை, பள்ளிக்கூட வாங்கு இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை, நல்லூர்த் திருவிழாவே கட்டுப்பாட்டுக்குள்ளதானே நடந்தது. உடைச்சா போனோட சேர்த்து அவன்ர ஆக்களையும் பறிச்சது மாதிரித்தான் அவனுக்கு இருக்கும்.

வயித்துக்குத்து பொய்யா இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒன்பதாம் ஆண்டு வகுப்புக்குள்ள போய் இருந்தா கணக்கு ஒண்டும் விளங்காது எண்டு அவனுக்குத் தெரியும், எல்லாருக்கும் முன்னால பிடிபடப் போறன் எண்ட பயம். அந்தப் பயத்துக்கு வயிறு நோகும். முதல்ல நித்திரையைத் திருத்துங்கோ, இரவு ஒன்பதரைக்குப் பிறகு வீட்டில எல்லாற்ற போனும் ஒரே இடத்தில சார்ஜில கிடக்கட்டும், தேப்பன்ர போனும் சேர்த்துத்தான், இல்லாட்டி அவன் கேக்க மாட்டான். விளையாட்டை முழுக்க நிப்பாட்டாமல் பின்னேரம் ஒரு மணித்தியாலம் எண்டு விடுங்கோ. அவன் பள்ளிக்கூடம் போகாத கிழமையில அதே குழுவில இருக்கிற ரெண்டு மூண்டு கூட்டாளிமாரை வீட்டுக்குக் கூப்பிட்டு விறாந்தையில இருத்திப் படிக்கவும், பிறகு வளவில விளையாடவும் விடுங்கோ. ஒரு மாதம் பாத்தும் பள்ளிக்கூடம் போக மறுத்தா, சாப்பாடு குறைஞ்சா, ஒருத்தரோடயும் கதைக்காமல் அறைக்குள்ளயே கிடந்தா ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்குது, கூட்டிக்கொண்டு போங்கோ. ஊர் என்ன சொல்லும் எண்டு பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ.

கேள்வி: தமக்கை டென்மார்க்கில. அங்க சின்னப் பிள்ளையளுக்கு முதல்லயே திறந்திட்டினம் எண்டு சொல்லுறா. கனடாவில இருக்கிற மச்சாள் தங்களுக்கும் கனநாள் பூட்டு எண்டு சொல்லுறா. அப்ப எது சரி?
— கோப்பாய்

பதில்: ரெண்டு பேரும் சொல்லுறது சரிதான். டென்மார்க்கில 2020 சித்திரை 15 இலயே திறந்தவை, அதுவும் சின்ன வகுப்புகளைத்தான் முதல்ல, குழுவாப் பிரிச்சு, வெளியில இருத்தி, கை கழுவவிட்டு. கனடாவில ஒன்ராறியோ மாகாணத்தில 2021 சித்திரையில பூட்டினது அந்தப் பள்ளி வருசம் முடியும் வரைக்கும் திறக்கேல்ல. இஞ்ச 2020 ஆடியில திறந்தது 5, 11, 13 ஆம் ஆண்டுக்கு, அதாவது பரீட்சை இருக்கிற வகுப்புக்கு.

எனக்கு இந்த விசயத்தில அடங்காத மனக்குறை இதுதான். பூட்டினதே பிழை எண்டு நான் சொல்லேல்ல. 2021 ஆவணியில டெல்டா கொரோனா பரவி ஊர் முழுக்கச் செத்தவீடா இருக்கேக்க, 20 ஆம் திகதி நாடே பூட்டினாப் பிறகு, பள்ளிக்கூடத்தை மட்டும் திற எண்டு கேக்க ஏலாது. ஆனா திறக்கிற நேரம் வரேக்கெல்லாம் நாங்கள் பிள்ளையைப் பாக்கேல்ல, பரீட்சையைப் பாத்தம். தானாப் படிக்கக்கூடிய பிள்ளை முதல்ல, தானாப் படிக்கவே ஏலாத பிள்ளை கடைசி. இந்த ஐப்பசியில தான் முதல் தரமா அந்த ஒழுங்கு மாறி ஆரம்பப் பிரிவு முன்னுக்கு வந்தது. ஆசிரியர்மாருக்கு ஆடியிலயே ஊசி போடத் தொடங்கியாச்சு, கொரோனா குறைஞ்ச கிராமங்களில இருபது முப்பது பிள்ளையள் படிக்கிற சின்னப் பள்ளிக்கூடங்களையாவது ஒரு மாதம் முதல் திறந்திருக்கலாம் எண்டதுதான் என்ர எண்ணம்.

கேள்வி: இதெல்லாத்தையும் நாங்கள் ஆரிட்டப் போய்க் கேக்கிறது ரீச்சர்? அதிபரிட்டப் போனா வலயக் கல்விக் கந்தோர் எண்டுறார், வலயம் மாகாணம் எண்டுது, மாகாணம் கொழும்பு எண்டுது.
— ஒரு தகப்பன், பருத்தித்துறை

பதில்: தனியாப் போகாதேங்கோ, அதுதான் முதல் விசயம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்குது, அதில நீங்களும் அங்கத்தவர். வகுப்புப் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து கூட்டத்தில இதை எடுங்கோ, கூட்டக்குறிப்பில பதிய வையுங்கோ.

கேக்கிறதைச் சுருக்கமாக் கேளுங்கோ. முதலாம் ரெண்டாம் மூண்டாம் ஆண்டுப் பிள்ளையள் ஒரு நாளும் வீட்டில நிக்கக் கூடாது, வகுப்பைப் பிரிக்கத்தான் வேணுமெண்டா மண்டபத்தையும் ஆய்வுகூடத்தையும் பாவியுங்கோ, இல்லாட்டி காலமை ஒரு குழு பின்னேரம் ஒரு குழு எண்டு வையுங்கோ, எங்கட ஊரில அப்பிடிச் செய்து பழக்கமில்லாத பள்ளிக்கூடம் இல்லை. ரெண்டாவது, வாற வருசம் புதுப் பாடம் தொடங்க முதல் ஒவ்வொரு பிள்ளையும் எந்த அளவில வாசிக்குது எண்டு பாக்கச் சொல்லுங்கோ, புள்ளி போடவோ நிரைப்படுத்தவோ வேண்டாம், எங்கயிருந்து தொடங்கிறது எண்டு தெரிஞ்சா போதும். மண்டபம், நேரசூசி, பயிற்சித்தாள் இதெல்லாம் அதிபரின்ர கைக்குள்ள முடியிற விசயம், அதுக்குக் கொழும்பு தேவையில்லை. ஆசிரியர் பற்றாக்குறை எண்டா வலயத்துக்குப் போங்கோ, உங்களுக்கு வடமராட்சி வலயம். மாகாணப் பாடசாலையெண்டா அதுக்கு மேல மாகாணக் கல்வித் திணைக்களம், தேசிய பாடசாலையெண்டா மட்டும்தான் கொழும்பு அமைச்சு. உங்கட பள்ளிக்கூடம் எது எண்டு முதல்ல கேட்டுத் தெரிஞ்சுகொண்டு போனா அந்தக் கந்தோர் இந்தக் கந்தோர் எண்டு அலைக்கழிக்க ஏலாது.

வாயால சொல்லிப்போட்டு வராதேங்கோ. எழுத்தில குடுங்கோ, திகதி போடுங்கோ, குடுக்கிற பிரதியில பெற்றுக்கொண்டதாக் கையெழுத்து வாங்குங்கோ, ஒரு பிரதியை உங்களிட்ட வைச்சிருங்கோ. தை நடுப்பகுதிக்குள்ள பதில் வராட்டி அந்தப் பிரதியைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ, பள்ளிக்கூடத்தின்ர பேர் போடாமல் இதே பக்கத்தில வைச்சுக் கேப்பம்.